லைப்ரரி இருந்தது, சரியான லைப்ரரி இல்லை

குலசேகரத்தில் ஒரு ரப்பர் ஷீட் வியாபாரியின் கடையில் இருபது வருஷத்துக்கு மேலாக ஒரே பில்லிங் புரோகிராம்தான். டாஸ் காலத்து மைக்ரோசாஃப்ட் மொழியான குவிக்பேசிக் 4.5-இல் எழுதியது. ஷீட்டின் எடை, தரம், ஒட்டுப்பால் கணக்கு, தோட்டக்காரர்களுக்குக் கொடுத்த முன்பணம், எல்லாம் அதற்குள். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்த பிறகு, அச்சடித்த பில்லின் அடியில் வரியைப் பேனாவால் எழுதியே ஏழு மாதம் ஓட்டிவிட்டார்கள். 2018 பிப்ரவரியில், மரங்கள் இலை உதிர்த்துப் பால்வெட்டு நிற்கிற நேரம் பார்த்து வேலை என் கைக்கு வந்தது. "பழையது மாதிரியே இருக்கணும் தம்பி. வரி மட்டும் அதுவா போடணும். வேற ஒண்ணும் மாத்தாண்டாம், கேட்டியா?" பழைய பென்டியம் மெஷினின் ஹார்ட் டிஸ்க் வேறு டக் டக்கென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. அதனால் புது மெஷினுக்கும் மாற்றியாக வேண்டும். சோர்ஸ் ஃபைல் (புரோகிராமின் மூல வரிகள்) இருக்கிறதே, இரண்டு நாள் வேலைதானே என்று 6,000 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டேன். முடிய ஐந்து வாரம் ஆனது. கையிலிருந்து போனது 4,300 ரூபாய். இதே மாதிரி ஒரு பழைய புரோகிராமைத் தொடப்போகிறவர்களுக்கு அந்த ஐந்து வாரம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சிக்கல் சோர்ஸில் இல்லை. சோர்ஸின் தலைப்பில் பதினான்கு டிக்ளேர் வரிகள் இருந்தன; வெளியிலிருந்து அழைக்கப்போகும் ஒவ்வொரு ரொட்டீனையும் (குட்டிப் புரோகிராம்) அறிவிப்பவை. அந்தப் பதினான்கும் பேசிக்கில் எழுதப்பட்டவை அல்ல. ஒரு ஷேர்வேர் லைப்ரரியில், அதாவது ரொட்டீன் தொகுப்பில், இருக்கும் அசெம்பிளி (இயந்திர மொழிக்கு நெருக்கமான மொழி) ரொட்டீன்கள். அந்தக் காலத்தில் இது சாதாரணம். பேசிக்கால் முடியாததை, அல்லது முடிந்தும் ஆமை வேகத்தில் செய்வதை (திரையைச் சேமித்துத் திரும்பப் போடுவது, மவுஸ், ஒரு ஃபைல் இருக்கிறதா என்று பார்ப்பது, எழுத்து அரேயை வரிசைப்படுத்துவது) யாரோ ஒருவர் அசெம்பிளியில் எழுதி, லிப் ஃபைலாகக் கட்டி, ஜிப் போட்டு வெளியே விடுவார். முதலில் பயன்படுத்திப் பார், பிடித்திருந்தால் பணம் அனுப்பு என்பது ஏற்பாடு. தாமஸ் ஹான்லினின் பிபிகுளோன் அப்படி வெளிவந்ததுதான். பின்னால் கேம் எழுதுகிறவர்களுக்காக ஏஞ்சலோ மொட்டோலாவின் டைரக்ட்கியூபி வந்தது. அதற்கு 386 பிராசசர் வேண்டும். முழுத் தொகுப்பில் நாலு சாமான் இருக்கும்: இஎக்ஸ்இ (நேராக ஓடும் புரோகிராம் ஃபைல்) கட்டுவதற்கு லிப், குவிக்பேசிக் எடிட்டருக்குள் வைத்து ஓட்டிப் பார்ப்பதற்கு கியூஎல்பி, டிக்ளேர் வரிகள் அடங்கிய பிஐ, விளக்கத்துக்கு டாக். நம்ம ஊரில் இவை கைமாறியது பெரும்பாலும் பிளாப்பியில். 1.44 எம்பிக்குள் அடக்க வேண்டும் என்று முதலில் வெட்டி எறிவது டாக் ஃபைலைத்தான். இந்தப் புரோகிராமை எழுதியவர் கல்ஃபுக்குப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. கடையில் மிஞ்சியது இஎக்ஸ்இ, சோர்ஸ், ஒரு டப்பாவில் பதினொரு பிளாப்பி. அதில் மூன்று பூஞ்சை பிடித்து வெள்ளை வட்டமாக இருந்தன. அந்த மூன்றையும் முதல் நாளே ஓரமாக எடுத்துவைத்துவிட்டேன். இது நினைவில் இருக்கட்டும்.

முதல் தடங்கல் சின்னது, ஆனால் அரை நாள் தின்றது. சோர்ஸை நோட்பேடில் திறந்தால் குப்பையாகத் தெரிந்தது. ஃபைல் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். குவிக்பேசிக் 4.5 சேமிக்கும்போது வேகமாகத் திறப்பதற்கென்று தனக்கே உரிய பைனரி வடிவம் ஒன்றை வைத்திருக்கிறது. தானாகத் தேர்வாகி இருப்பதும் அதுதான். டாஸ்பாக்ஸில் (பழைய டாஸ் மெஷின் போல நடிக்கும் புரோகிராம்) குவிக்பேசிக்கைத் திறந்து, ஃபைலை ஏற்றி, சேவ் ஆஸ் போய் டெக்ஸ்ட் என்று மாற்றிச் சேமித்தால் வேலை முடிந்தது. 64 பிட் விண்டோஸில் 16 பிட் டாஸ் புரோகிராம் நேரடியாக ஓடாது என்பதால் டாஸ்பாக்ஸ் மாதிரி ஏதாவது ஒன்று எப்படியும் வேண்டும். இன்றைய பேசிக் கம்பைலர்களான கியூபி64-க்கோ ஃப்ரீபேசிக்குக்கோ மாற்றிவிடலாமே என்று தோன்றும். சுத்தமான பேசிக் புரோகிராமாக இருந்தால் நல்ல யோசனைதான். ஆனால் 16 பிட் லிப் ஃபைலை அவை இணைக்காது. லைப்ரரி ரொட்டீன்கள் அத்தனையையும் திரும்ப எழுதத் தயாராக இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

நல்ல பிளாப்பிகளில் லைப்ரரி இல்லை. அதை வெளியே தேடியதில் முதல் பணம் போனது. பழைய ஷேர்வேர் சிடித் தொகுப்புகளை விற்கிற ஒருவரிடம் 1,900 ரூபாய் கொடுத்து வாங்கியதில், பெயர் அப்படியே பொருந்துகிற ஒரு ஜிப் கிடைத்தது. அன்றைக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது. லிங்க்கர் (துண்டுகளை இணைத்து இஎக்ஸ்இ ஆக்கும் டூல்) கொண்டு லிங்க் போட்டதும் எல்2029 என்று இரண்டு பிழை; இரண்டு ரொட்டீன் இந்த லைப்ரரியில் இல்லை. மற்ற பன்னிரண்டும் சத்தமில்லாமல் இணைந்துவிட்டன. அந்தச் சத்தமின்மைதான் ஆபத்து. லிங்க்கர் பார்ப்பது பெயரை மட்டும். ஒரு ரொட்டீனுக்கு எத்தனை பாராமீட்டர் (அதற்குக் கொடுக்கும் மதிப்பு), என்ன வகை என்பதெல்லாம் ஆப்ஜெக்ட் ஃபைலில் (இன்னும் இணைக்காத துண்டு) கிடையாது. பெயர் பொருந்தினால் போதும், இணைத்துவிடும்.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டு வாரம் இங்கேதான் போனது. பேசிக் ஒரு அசெம்பிளி ரொட்டீனை ஃபார் காலாக (வேறு மெமரிப் பகுதிக்கும் தாவும் அழைப்பு) அழைக்கிறது. பாராமீட்டர்களை இடமிருந்து வலமாக ஸ்டாக்கில் (மெமரியில் ஒரு தற்காலிக அடுக்கு) தள்ளுகிறது. பைவால் என்று சொல்லாதவரை மதிப்பைத் தள்ளாது, முகவரியைத்தான் தள்ளும். ஒவ்வொன்றும் 2 பைட். பிபியும் எஸ்பியும் ஸ்டாக்கில் இடம் காட்டும் ரெஜிஸ்டர்கள். ரொட்டீன் உள்ளே நுழைந்து பிபியைத் தள்ளி, எஸ்பியை பிபியில் போட்டுக்கொண்ட பிறகு, கடைசிப் பாராமீட்டர் பிபி கூட்டல் 6-இல் இருக்கும், அதற்கு முந்தையது பிபி கூட்டல் 8-இல். வேலை முடிந்ததும் ஸ்டாக்கைச் சுத்தம் செய்ய வேண்டியது அழைத்தவர் அல்ல, ரொட்டீன்தான். மூன்று பாராமீட்டர் என்றால் அது திரும்பும் கட்டளை ரெட் 6, நாலு என்றால் ரெட் 8. நம் சோர்ஸில் திரையைச் சேமிக்கும் ரொட்டீனுக்கு மூன்று பாராமீட்டர். சிடியில் வந்தது பிந்தைய பதிப்பு. அதில் திரைப் பக்க எண் நாலாவதாகச் சேர்ந்திருந்தது. மூன்று தள்ளினோம், அது நாலு படித்தது. முதல் பாராமீட்டரைத் தேடி பிபி கூட்டல் 12-க்குப் போய், அங்கே கிடந்த யாருடைய எண்ணையோ முகவரி என்று எடுத்துக்கொண்டு 4,000 பைட் திரையை அங்கே கொட்டியது. போகும்போது ரெட் 8 என்று 2 பைட் கூடுதலாகவும் பிடுங்கிக்கொண்டு போனது. இதில் கொடுமை என்னவென்றால், அந்த இடத்திலேயே நிற்காது. வேறு ஏதோ ஒரு சப் முடியும்போது, சம்பந்தமே இல்லாத வரியில் தொங்கும். நான் அந்தச் சம்பந்தமில்லாத வரிகளையே நாள் கணக்கில் முறைத்துக்கொண்டிருந்தேன்.

டாக் ஃபைல் இல்லாதபோது பாராமீட்டர் எண்ணிக்கையைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். சந்தேகப்படும் ரொட்டீனை மட்டும் அழைக்கிற பத்து வரிப் புரோகிராம் ஒன்றை எழுதி, இஎக்ஸ்இ கட்டி, டாஸின் டீபக் டூலில் ஏற்றி, அந்த ரொட்டீனின் கடைசி வரைக்கும் அன்அசெம்பிள் செய்து (அசெம்பிளிக் கட்டளைகளாகத் திருப்பி) பாருங்கள். ரெட்எஃப் என்பதற்குப் பக்கத்தில் உள்ள எண்ணை 2-ஆல் வகுத்தால் எத்தனை வேர்டு (2 பைட்) என்று தெரியும். செக்மென்ட்டோடு (மெமரிப் பகுதியின் எண்) சேர்த்து அனுப்பும் பாராமீட்டர் மட்டும் இரண்டு வேர்டு எடுக்கும். பிறகு டிக்ளேர் வரியோடு ஒப்பிடுங்கள். பதினான்கு ரொட்டீனுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் ஆகாது. லைப்ரரிக்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்க்க மைக்ரோசாஃப்டின் லிப் டூலே போதும். லைப்ரரி பெயருக்குப் பின் ஒரு கமா போட்டு, பட்டியலுக்கு ஒரு ஃபைல் பெயர் கொடுத்தால் எழுதிக் கொடுக்கும். பெயருக்கு முன் நட்சத்திரக் குறி போட்டால் அந்த மாட்யூலை மட்டும் ஆப்ஜெக்ட் ஃபைலாக வெளியே எடுக்கும்.

மூன்றாம் வாரம் செய்தது இன்னொரு தப்பு. எடிட்டருக்குள் ஓட்டும்போது மெமரி போதவில்லை என்று மைக்ரோசாஃப்ட் பேசிக் பிடிஎஸ் 7.1-க்கு, அதாவது கியூபிஎக்ஸ்-க்குத் தாவினேன். பேசிக் வரிகள் எல்லாம் அப்படியே ஏறின. லைப்ரரி முதல் ஸ்டிரிங்கைத் தொட்டதும் செத்தது. குவிக்பேசிக் 4.5-இல் ஒரு ஸ்டிரிங்கின் (எழுத்துத் தொடர்) டிஸ்கிரிப்டர், அதாவது அதைப் பற்றிய குறிப்பு, 4 பைட்: முதல் 2 நீளம், அடுத்த 2 டிகுரூப்புக்குள் (புரோகிராமின் முதன்மை டேட்டா பகுதி) எழுத்து இருக்கும் இடம். பெரும்பாலான அசெம்பிளி ரொட்டீன்கள் இதை நம்பி நேரடியாகப் படிக்கின்றன. இது நியர் ஸ்டிரிங். கியூபிஎக்ஸ் எடிட்டர் எப்போதும் ஃபார் ஸ்டிரிங்தான், எழுத்து டிகுரூப்புக்கு வெளியே இருக்கும். டிஸ்கிரிப்டர் அங்கேயும் 4 பைட்டே, ஆனால் உள்ளே இருப்பது வேறு. எழுத்து எங்கே, எவ்வளவு நீளம் என்பதை ஸ்டிரிங்அட்ரஸ், ஸ்டிரிங்லெங்த் என்ற உதவி ரொட்டீன்களைக் கூப்பிட்டுத்தான் கேட்க வேண்டும். ஆகவே ஒரு லைப்ரரியைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய கேள்வி, அது என்னென்ன செய்யும் என்பதல்ல. எந்தக் கம்பைலர், நியர் ஸ்டிரிங்கா ஃபார் ஸ்டிரிங்கா என்பதுதான். கியூஎல்பி விஷயமும் இப்படியே. 4.5-க்குக் கட்டும்போது லிங்க்கரில் பிகியூஎல்பி45 லிப்பைக் கொடுக்க வேண்டும், 7.1-க்கு கியூபிஎக்ஸ்கியூஎல்பி. ஒன்றுக்குக் கட்டியதை மற்றதில் ஏற்ற முடியாது.

சரி, 4.5-க்கே திரும்பினேன். மெமரித் தட்டுப்பாடு திரும்ப வந்தது: அவுட் ஆஃப் ஸ்டிரிங் ஸ்பேஸ். 4.5-இல் நீளம் மாறும் ஸ்டிரிங் எல்லாமே 64 கேபி டிகுரூப்புக்குள் அடங்க வேண்டும், அரேயை டைனமிக் (ஓடும்போது இடம் ஒதுக்குவது) என்று அறிவித்தாலும் கூட. தோட்டக்காரர் பெயர் 900 இருந்ததால் அந்த அரேயை 30 எழுத்து நிலையான நீள ஸ்டிரிங்காக மாற்றி டைனமிக் ஆக்கினேன். 27,000 பைட் டிகுரூப்பை விட்டு வெளியேறியது, தட்டுப்பாடு தீர்ந்தது. ஆனால் லைப்ரரியின் வரிசைப்படுத்தும் ரொட்டீன் கெட்டது. அது அரேயின் முதல் டிஸ்கிரிப்டர் முகவரியை வார்பிடிஆர் மூலம் வாங்கிக்கொள்ளும் வகை. நிலையான நீள ஸ்டிரிங்குக்கு டிஸ்கிரிப்டரே கிடையாது. அரேயும் வேறு செக்மென்ட்டுக்குப் போய்விட்டது. அந்த ரொட்டீனைத் தூக்கிவிட்டு, பேசிக்கிலேயே ஒரு ஷெல் சார்ட் எழுதிவிட்டேன். 900 பெயருக்கு இன்றைய மெஷினில் வேக வித்தியாசம் கண்ணுக்கே தெரியவில்லை. 1990-இல் அசெம்பிளி இல்லாமல் முடியாது என்றிருந்த பல வேலை இன்றைக்குப் பேசிக்கிலேயே முடிந்துவிடும். லைப்ரரியை நம்பியிருக்கும் ரொட்டீன் எண்ணிக்கையைக் குறைக்க இதைவிட மலிவான வழி இல்லை.

இதற்கிடையில் வியாபாரி வந்து பாக்கிப் பட்டியலைப் பார்த்தார். எல்லோருக்கும் பாக்கி பூஜ்யம். "எல்லாவனும் கணக்குத் தீத்துட்டானா? நல்ல புரோகிராம்லா!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டேட்டா ஃபைல் அதற்கும் முந்தைய ஜிடபிள்யூபேசிக் காலத்திலிருந்து வந்தது. அதில் தசம எண்கள் மைக்ரோசாஃப்டின் பழைய பைனரி வடிவத்தில் இருக்கும், குவிக்பேசிக் 4.5 படிப்பது ஐஇஇஇ என்ற பொதுத் தர வடிவத்தை. பழைய வடிவத்தில் 1 என்ற எண் 0, 0, 0, 129 என்று நாலு பைட். அதே 1 ஐஇஇஇ-யில் 0, 0, 128, 63. பழையதைப் புதியதாக நினைத்துப் படித்தால் தசமப் புள்ளிக்குப் பின் 37 பூஜ்யம் தாண்டி வருகிற ஒரு குட்டி மைனஸ் எண் கிடைக்கும். அச்சில் அது பூஜ்யம்தான். இதற்குக் கம்பைலரிலேயே ஸ்லாஷ் எம்பிஎஃப் என்று ஒரு சுவிட்ச் (கட்டளையோடு சேர்த்துக் கொடுப்பது) இருக்கிறது. அதைப் போட்டுத்தான் புரோகிராமை எழுதியவர் கம்பைல் செய்திருக்கிறார், நான் போடவில்லை. நல்லவேளை, டேட்டா ஃபைலின் நகலில்தான் வேலை செய்துகொண்டிருந்தேன். அந்த ஃபைலில் ஒரு வரியாவது திரும்ப எழுதியிருந்தால் பழைய வடிவமும் புதிய வடிவமும் கலந்து, எது எதுவென்று பிரிக்கவே முடியாமல் போயிருக்கும்.

அந்த சுவிட்ச் பற்றித் தெரியவந்தது எங்கே என்றால், ஓரமாக எடுத்துவைத்த பூஞ்சை பிளாப்பியில். நாலாம் வாரம், வேறு வழியே இல்லாமல். இடவப்பாதி (தென்மேற்கு) மழையும் துலா (வடகிழக்கு) மழையும் இரண்டுமே நனைக்கிற மாவட்டத்தில் பிளாப்பி பூக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். பூஞ்சை பிடித்ததை அப்படியே டிரைவில் போடக்கூடாது; ஹெட்டில் அப்பிக்கொண்டு அடுத்துப் போடும் நல்ல பிளாப்பியையும் சுரண்டிவிடும். தகட்டு மூடியை விரலால் ஒதுக்கிப் பிடித்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் ஒரு பக்கம் மெதுவாக வைத்து, நடுச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றித் துடைக்க வேண்டும். பிறகு மறுபக்கம். குச்சியை அடிக்கடி மாற்ற வேண்டும், தேய்க்கக்கூடாது, நன்றாகக் காய்ந்த பிறகே டிரைவில் போட வேண்டும். யூஎஸ்பி பிளாப்பி டிரைவ் 1,400 ரூபாய், ஆல்கஹாலும் பஞ்சும் 250. ஃபைல்களைத் தனித்தனியாக காப்பி செய்யாமல் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு டூல் கொண்டு முழு பிளாப்பியையும் இமேஜாக எடுத்தேன். மொத்தம் 2,880 செக்டரில் 9 மட்டும் வரவில்லை. உள்ளே சரியான பதிப்பு லிப், பிஐ, கம்பைல் செய்யும் பேட்ச் ஃபைல். அந்தப் பேட்ச் ஃபைலின் இரண்டே வரியில் எல்லா சுவிட்சும் இருந்தது. அன்று ராத்திரி வந்த கோபம் யார் மேல் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரியான லிப்பை வைத்துக் கட்டியதும் டாஸ்பாக்ஸில் இன்னொரு செய்தி: பேக்டு ஃபைல் இஸ் கரப்ட். ஃபைலில் கோளாறு எதுவும் இல்லை. பேட்ச் ஃபைலில் லிங்க்கருக்கு எக்ஸிபேக் சுவிட்ச் கொடுத்திருந்தது. அப்படிச் சுருக்கிய இஎக்ஸ்இ, மெமரியின் முதல் 64 கேபிக்குள் ஏறினால் இப்படிச் சொல்லும். முன்னால் லோட்ஃபிக்ஸ் என்று சேர்த்து ஓட்டலாம். சோர்ஸ் கையில் இருப்பதால் நான் அந்தச் சுவிட்சையே எடுத்துவிட்டேன்.

கடைசி முட்டுக்கட்டை பிரிண்டர். லைப்ரரியின் ஒரு ரொட்டீன், பில் அடிக்கும் முன் பிரிண்டரின் நிலையைச் சொல்லும் பயாஸின் 17 ஹெக்ஸ் இன்டரப்ட்டைக் கேட்டு, 144 என்று பதில் வந்தால்தான் பிரிண்டர் தயார் என்று விடும். சாதாரண டாஸ்பாக்ஸில் அந்தப் பதில் வராது. பேரலல் போர்ட்டே அதில் கிடையாது. அது உள்ள டாஸ்பாக்ஸ்-எக்ஸுக்கு மாறி, புது மெஷினில் 750 ரூபாய்க்கு ஒரு பேரலல் கார்டு மாட்டி, அந்த ரொட்டீனுக்குப் பதிலாக எப்போதும் தயார் என்று சொல்லும் ஒன்றை நானே அசெம்பிளியில் எழுதினேன். நீங்கள் எழுதும்போது பிபி, டிஎஸ், எஸ்ஐ, டிஐ என்ற நான்கு ரெஜிஸ்டரும் வந்தபடியே திரும்பிப் போக வேண்டும். எஸ்ஐயைக் கெடுத்தால் முதல் தடவை ஓடும், லூப்புக்குள் வைத்தால்தான் குட்டு வெளிப்படும். எரிக் ஐசக்சனின் ஏ86 அசெம்பிளரைப் பயன்படுத்துவதானால் இரண்டு விஷயம். பிளஸ் ஓ என்று சொல்லாவிட்டால் அது நேராக ஓடும் காம் ஃபைல் கட்டிவிடும். ஆப்ஜெக்ட் ஃபைல் கட்டும்போது, தெரியாத பெயரை எல்லாம் வெளியிலிருந்து வருவது என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே நீங்கள் எழுத்துப்பிழை விட்டால் அசெம்பிளர் ஒன்றும் சொல்லாது, லிங்க்கில் எல்2029 ஆக வரும். அதுவும் ஷேர்வேர்தான். ஒரே கட்டளைக்கு இரண்டு வகை பைட் வடிவம் இருக்கும் இடங்களில் அது தனக்கென்று ஒரு பாணியில் தேர்ந்தெடுக்கிறது. எந்த இஎக்ஸ்இ அதில் கட்டியது என்று அதன் ஆசிரியரால் கண்டுபிடிக்க முடியும். பணம் கட்டாமல் வியாபாரத்துக்கு ஓட்டுகிறவர்களுக்கு வைத்த அடையாளம். ஷேர்வேரை இலவசம் என்று நினைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் அதிகம். பணம் கட்டியவர்களுக்குப் பல ஆசிரியர்கள் அசெம்பிளி சோர்ஸையே அனுப்பிவைத்தார்கள். அன்றைக்கு யாராவது அந்தச் சில டாலரைக் கட்டியிருந்தால் எனக்கு டீபக் தேவைப்பட்டிருக்காது.

மார்ச் இறுதியில், பால்வெட்டு திரும்பத் தொடங்கும் முன், முதல் பில் அச்சானது. உள்ளூர் விற்பனைக்கு வரியை இரண்டரை, இரண்டரை சதவீதமாகப் பிரித்து, களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குப் போகும் சரக்குக்கு ஐஜிஎஸ்டி 5 சதவீதம் என்று ஒரே வரியாக. லைப்ரரி ரொட்டீன் பதினான்கில் இப்போது மிச்சம் ஐந்துதான். அதில் ஒன்று தேதி ரொட்டீன். 1980 ஜனவரி 1-ஐ பூஜ்யமாக வைத்து நாட்களை 16 பிட் எண்ணில் எண்ணுகிறது. 32,767 வரைதான் போகும், அதாவது 2069 செப்டம்பர் 17. வியாபாரியிடம் சொன்னேன். "அதுக்குப் பேரன்கிட்ட சொல்லிட்டுப் போறேன்" என்றார். நான் அதை நம்பாமல், பிளாப்பி டப்பாவின் மூடிக்கு உள்பக்கம் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: கம்பைலர் பெயர், நியர் ஸ்டிரிங், எம்பிஎஃப் சுவிட்ச், ஐந்து ரொட்டீனின் ரெட் எண்கள், கீழே அந்தத் தேதி.